ரப்பர் ஷீட் ஆசிட்: கேனைத் திறக்கும் நாட்களைக் குறையுங்கள்

கேள்வி: குமரி மாவட்டம் அருமனை பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. தினம் 30 ஷீட் வரை அடிக்கிறோம். வீட்டுக்காரருக்கு முதுகுவலி வந்தபிறகு பால் உறைய வைக்கும் வேலை என் கைக்கு வந்துவிட்டது. 35 கிலோ கேனில் டியூப் போட்டு வாயால் இழுத்து, ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொள்வேன். ஒரு ஷீட்டுக்கான பால் உறையும் டிஷ்ஷுக்கு ஒரு பாட்டில் மூடி வீதம் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். ஒரு கேன் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. விரல் நுனியில் தோல் வெளுத்து உரிகிறது, காலையில் இருமல். கேன் மூடி கசிந்ததால் பாலிதீன் தாள் வைத்து இறுக்கினோம். இப்போது கேன் உப்பி நிற்கிறது. சல்ஃபூரிக் ஆசிட்டைப் பாதிக்குப் பாதி கலந்தால் செலவு குறையும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. என்ன செய்வது?

பதில்: சகோதரி, மூன்று காரியங்களை இன்றைக்கே செய்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

ஒன்று, வாயால் இழுப்பதை இந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள். டியூப்பில் ஆசிட் எந்த நொடியில் மேலேறும் என்று யாராலும் கணிக்க முடியாது. ஒரு வாய் உள்ளே போனால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். வாய்க்கு வராவிட்டாலும் ஒவ்வொரு இழுப்பிலும் அதன் ஆவி நேராக நெஞ்சுக்குள் போகிறது. உங்கள் காலை இருமலுக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இரண்டு, அந்தப் பாலிதீன் தாள். ஃபார்மிக் ஆசிட் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் தண்ணீராகவும் பிரியும். வெயில் பட்டால் இது வேகம் எடுக்கும். அதனால்தான் இந்த ஆசிட் வரும் கேன்களுக்கு வாயு மெல்ல வெளியேறும்படி மூடி போட்டிருப்பார்கள். தாள் வைத்து அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். கேன் உப்பாமல் என்ன செய்யும்? உப்பிய கேனை உருட்டவோ குலுக்கவோ வேண்டாம். நாளை விடியற்காலையில், வெயில் ஏறும் முன், திறந்த வெளியில் காற்று முதுகில் படும்படி நின்றுகொள்ளுங்கள். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, நீளக் கையுறை இரண்டும் இருக்க வேண்டும். மூடியின்மேல் நனைத்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும். அது அடங்கும்வரை கை அங்கேயே நிற்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு கால் சுற்று. தாளை எடுத்து எறிந்துவிட்டு, ஆசிட் வாங்கிய கடையிலேயே வாஷரோடு புது மூடி கேட்டு வாங்குங்கள்.

மூன்று, சல்ஃபூரிக் ஆசிட்டைக் கலக்கும் யோசனை. அடர்த்தியான சல்ஃபூரிக் ஆசிட், ஃபார்மிக் ஆசிட்டிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. ஆய்வுக்கூடங்களில் இந்த வாயுவை வேண்டுமென்றே தயாரிக்கும் வழியே இதுதான். வாசனையோ நிறமோ இல்லாத வாயு. மூடிய ஷெட்டில் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு ஆசிட்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்க்கவே கூடாது. சல்ஃபூரிக்கைத் தனியாகவே பயன்படுத்தலாமே என்று அடுத்த கேள்வி வரும். அது ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூடத்தில் ஆவியாகிப் போவதில்லை. ஷீட்டை நன்றாக அலசாவிட்டால் உள்ளேயே தங்கி, நாளடைவில் ரப்பரைப் பிசுபிசுக்க வைத்துத் தரத்தைக் கெடுக்கும். அலுமினிய டிஷ்ஷையும் ரோலரையும் அரிக்கும். தண்ணீரில் கலக்கும்போதே கொதித்துத் தெறிக்கும். மிச்சம் பிடித்த காசு வேறு பக்கமாகப் போய்விடும்.

அது இருக்கட்டும். உங்கள் கணக்கிலேயே செலவைக் குறைக்க வழி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் ஏறக்குறைய 5 மில்லி பிடிக்கும். 30 டிஷ்ஷுக்கு 150 மில்லி ஆகிறது. 35 கிலோ கேனில் சுமார் 29 லிட்டர் இருக்கும். ஆறு மாதத்தில் தீர்வது கணக்குக்குச் சரிதான். ஆனால் தேவை அவ்வளவு இல்லை. தண்ணீர் சேர்த்த பால் 4 லிட்டர், அதில் அரைக் கிலோ உலர்ந்த ரப்பர் என்று வைத்தால், அன்றைக்கே அடிக்கும் ஷீட்டுக்கு கேனில் வரும் 85% ஆசிட் 2 மில்லி போதும். மறுநாள் காலையில் அடிப்பதானால் அதிலும் கொஞ்சம் குறைக்கலாம். நீங்கள் இரண்டரை மடங்கு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் பால் கெட்டுப்போகாமல் இருக்க அம்மோனியா சேர்த்திருந்தால் அந்த அம்மோனியாவை முறிக்கவே கொஞ்சம் ஆசிட் போகும், அன்று கூடுதலாக வேண்டியிருக்கும். அதை வைத்துத் தினமும் கூட்டிவிடக் கூடாது.

ஆசிட் அதிகமானால் ஷீட் கல்லாகக் கெட்டிப்படும், ரோலரில் அடிக்கக் கை வலிக்கும், நிறம் கறுக்கும், காய நாளாகும். குறைந்தால் டிஷ்ஷில் மிஞ்சும் தண்ணீர் பால்போலக் கலங்கி நிற்கும். அதில் ரப்பர் வீணாகிறது. சரியான அளவுக்கு அடையாளம், உறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் தெளிந்திருப்பது. ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில், அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பி.எச். தாள் கிடைக்கும். அந்தத் தண்ணீரில் தொட்டால் 5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 4-க்கும் கீழே போனால் ஆசிட் கூடிவிட்டது என்று அர்த்தம். நான்கைந்து நாள் பார்த்தால் உங்கள் தோட்டத்துப் பாலுக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி பாதுகாப்பு. ஃபார்மிக் ஆசிட்டின் குணம் அடர்த்தியைப் பொறுத்து முழுக்க மாறும். 10 சதவீதத்துக்கு மேல் தோலை வேகவைக்கும் பொருள். 2 முதல் 10 சதவீதம் வரை தோலையும் கண்ணையும் எரிய வைக்கும், உறுத்தும். டிஷ்ஷில் ஊற்ற வேண்டிய அரை சதவீதக் கலவை அந்த வரம்புக்கும் கீழே. ஆக, ஆபத்து கிட்டத்தட்ட முழுவதும் கேனைத் திறந்து 85 சதவீதத்தை அளக்கும் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. நீங்களோ அந்த ஐந்து நிமிடத்தைத் தினமும் சந்திக்கிறீர்கள். மாதத்துக்கு இரண்டு முறையாக அதைச் சுருக்கிவிடலாம்.

செய்முறை இது. கெட்டியான பாலிஎத்திலீன் கேன் ஒன்று, 20 லிட்டருக்குச் சற்று மேல் பிடிப்பதாக, தனியாக ஒதுக்குங்கள். அதில் முதலில் 19 லிட்டர் தண்ணீர், அதன்பின் மெல்ல 1 லிட்டர் ஆசிட். வரிசை மாறக் கூடாது. சல்ஃபூரிக் அளவுக்கு ஃபார்மிக் சூடேறாது என்பது உண்மைதான். ஆனால் ஆசிட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிப்பது அடர்ந்த ஆசிட், தண்ணீரில் ஆசிட் விட்டால் தெறிப்பது பெரும்பாலும் தண்ணீர். இப்போது கையில் இருப்பது 5 சதவீதக் கலவை. தினமும் காலையில் இதில் 1.2 லிட்டர் எடுத்து 10.8 லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் 12 லிட்டர் அரை சதவீத ஆசிட் தயார். டிஷ்ஷுக்கு 400 மில்லி வீதம் 30 டிஷ்ஷுக்குச் சரியாக வரும். ஒரு தடவை தயாரித்தது 16 நாள் ஓடும். 400 மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் மக் ஒன்றில் கோடு போட்டுக்கொண்டால் மூடிக் கணக்கே வேண்டாம்.

அந்த இரண்டு நாட்களில் கேனைத் திறக்கும் முன், பக்கத்தில் இரண்டு வாளி நிறையத் தண்ணீரும் மக்கும் இருக்கட்டும். ஓடும் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. ஆசிட் பட்டபிறகு கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடியைத் தேட முடியாது. ஊற்ற கைப்பம்ப் வாங்குங்கள். உலோக ஸ்பிரிங்கோ பித்தளைக் குழாயோ இல்லாத, முழுக்கப் பாலிப்ரொப்பிலீன் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண இரும்பையும் துத்தநாகம் பூசிய தகரத்தையும் இது அரித்துவிடும். பம்ப் கிடைக்கும்வரை சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும் என்றால், இருவராகச் செய்யுங்கள். கேனின் வாய் ஓரமாகத்தானே இருக்கும்? அந்த ஓரம் மேலே இருக்கும்படி திருப்பிவைத்துச் சாய்த்தால் ஊற்றும்போதே காற்று உள்ளே போகும், ஆசிட் ஒரே சீராக விழும். வாய் கீழ்ப்பக்கமாக இருந்தால் கடகடவென்று குதித்துக் குதித்து விழும், முழங்கை வரை தெறிக்கும். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் ஊற்றுகிறார்கள்.

தரையில் குந்தி உட்கார்ந்து ஊற்றாதீர்கள். இந்த ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது; தரையோடு தவழும். குந்தியிருக்கும் உங்கள் முகமும், பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளையின் முகமும் அதே உயரத்தில்தான் இருக்கும். கேனை அரை அடி உயரக் கட்டையில் வைத்து நின்றபடி செய்யுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு இந்த ஆவி காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று தொழிற்சாலைகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 30 பங்கு வந்தால் உடனே வெளியேற வேண்டிய அளவு. அளக்கக் கருவி உங்களிடம் இருக்காது. மூக்கு சுரீரென்று குத்தினால் நின்ற இடம் சரியில்லை என்று நகர்ந்துவிடுங்கள். துணி முகக்கவசமும் தூசிக்கான முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. காற்றோட்டமான முற்றமே போதும்.

கையுறைக்குத் தடித்த, முழங்கைவரை வரும் பி.வி.சி. அல்லது நியோப்ரீன். மருத்துவமனையில் போடும் மெல்லிய உறை இதற்கு ஆகாது. துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம்: ஆசிட்டை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். போடும் முன் தண்ணீர் நிரப்பி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. முகத்தோடு ஒட்டி நாலாபக்கமும் மூடும் கண்ணாடி வேண்டும்.

நைலான் விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அடர்ந்த ஃபார்மிக் ஆசிட்டில் நைலான் கரைந்துவிடும். துணியில் நைலான் கலந்திருக்கிறதா என்று சோதிக்கவே இதைப் பயன்படுத்துவார்கள். கேன் கைப்பிடியில் நைலான் கயிறு கட்டித் தூக்குவது, ஆசிட்டை நைலான் வலையில் வடிகட்டுவது, நைலான் சேலையோ நைட்டியோ உடுத்திக்கொண்டு ஊற்றுவது எல்லாம் வேண்டாம். துளி பட்ட இடம் கூழாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்குப் பருத்தி உடுத்தி, மேலே பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டுங்கள்.

தண்ணீர் பாட்டில் வழக்கத்துக்கு இனி இடமே கிடையாது. ஆசிட் பார்க்கத் தண்ணீர்போலவே இருக்கும். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை பாட்டிலை முகர்ந்து பார்த்தா குடிக்கும்? 5 சதவீதக் கலவைக்கும் இதே எச்சரிக்கைதான். இரண்டு கேனிலும் தமிழில் பெரிதாக ‘ஆசிட்’ என்று அழியாத மையில் எழுதிப் பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். சமையலறை, படுக்கையறை ஆகாது. புகைக்கூடச் சுவரை ஒட்டியும் ஆகாது. அங்கே சூடு அதிகம். மேலும் இது தீப்பற்றும் பொருளும்கூட: தூய ஆசிட்டின் ஆவி 50 டிகிரி வாக்கிலேயே தீப்பொறி பட்டால் பற்றும், 85 சதவீதம் அதற்குச் சற்று மேலே. அம்மோனியா கேனைத் தள்ளி வையுங்கள், இரண்டும் சேர்ந்தால் வெண்புகையும் சூடும் வரும். ஆசிட் சிந்திய தரையில் ப்ளீச்சிங் பவுடர் போடவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கேன் சிந்திவிட்டால் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கிவிட்டு, காய்ந்த மணலையோ மண்ணையோ போட்டு அணை கட்டுங்கள். அதன்மேல் நீறிய சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவவேண்டும். சிந்தியது ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ சுண்ணாம்பு தாராளம். சமையல் சோடா என்றால் இரண்டு கிலோ வேண்டும், நிறைய நுரைக்கும். நீறாத கற்சுண்ணாம்பு கூடாது, அது தானே கொதிக்கும். கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இதே சுண்ணாம்பும் சோடாவும் தரைக்குத்தான், உடம்புக்கு அல்ல. தோலில் பட்டால் அடுத்த நொடியே ஓடும் தண்ணீர், அதுவும் 20 நிமிடம் விடாமல். நனைந்த துணி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் தண்ணீர் ஓடும்போதே கழற்றிவிட வேண்டும். அவற்றுக்கு அடியில் ஆசிட் தங்கும். பற்பசை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் தடவக் கூடாது. கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்து அதே 20 நிமிடம் கழுவி, எரிச்சல் நின்றாலும் கண் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்து, 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையைச் சுட்ட ஆசிட் திரும்பி வரும்போது மறுபடி சுடும்.

உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தால் வீட்டு வைத்தியத்தில் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ‘ஃபார்மிக் ஆசிட், 85 சதவீதம்’ என்று பெயர் சொல்லுங்கள். கேன் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. மற்ற ஆசிட்போல இது தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து அதன் அமிலத்தன்மையைக் கூட்டும், சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் அபாயம். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்தால் கண்பார்வை போகிறதே, அந்த மெத்தனால் உடம்புக்குள் போய் மாறுவதும் இதே ஃபார்மிக் ஆசிட்டாகத்தான். ஆவியை நிறைய இழுத்துவிட்டவருக்கு அப்போதைக்கு ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

உங்கள் விரல்களைப் பற்றி: வெளுத்து உரிவது அடர்ந்த ஆசிட்டைத் தினம் தொட்டுவந்ததன் விளைவு. கையுறையும் 5 சதவீதக் கலவையும் வந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் புதுத்தோல் கட்ட வேண்டும். வேலை முடிந்து கை கழுவித் துடைத்தபின் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். வெடிப்பில் சீழ் வைத்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இருமலும் அதே காலத்துக்குள் குறைய வேண்டும். குறையாவிட்டால், சளியில் ரத்தம் கண்டால், அல்லது இளைப்பு வந்தால், நெஞ்சக மருத்துவரிடம் போய் ஆசிட் வேலை செய்வதை மறக்காமல் சொல்லுங்கள். புகைக்கூடத்துப் புகையும் இதில் பங்காளியாக இருக்கலாம். கூடுதலாக ஆசிட் ஊற்றிய ஷீட் புகைக்கூடத்தில் மிச்ச ஆசிட்டை ஆவியாக விடுவதும் சேர்ந்துகொள்ளும். அளவு சரியானால் அங்கேயும் மூக்கு எரிவது குறையும்.

இப்படி அளந்து ஊற்றினால் ஒரு கேன் உங்களுக்கு 480 நாளுக்கு மேல் வரும். அவ்வளவு நாள் 35 கிலோவை வீட்டில் வைத்திருப்பதற்குப் பதில், உங்கள் ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்திலோ பக்கத்துத் தோட்டக்காரரோடோ சேர்ந்து வாங்கி, சிறிய, லேபிள் ஒட்டிய கேன்களில் பிரித்துக்கொள்ளப் பாருங்கள். காலிக் கேனை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசுங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம். அடுத்த 5 சதவீதக் கலவையில் ஊற்றிவிடலாம். அலசிய கேனைக் குடிதண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள், அடியில் ஓட்டை போட்டு பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போடுங்கள்.